தந்தை பொருத்திய குழாய்

நெருப்பில்லாமல் புகையாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் புகைக்கும் நெருப்புக்கும் முன்னதாகவே வந்து எச்சரிக்கும் தூதன் ஒருவன் உண்டு. அவனுக்கு வாசனை என்று பெயர். அடுக்களையில் பால் அடிப்பிடிப்பதையும், கூடத்தில் மின்கம்பி கருகுவதையும் கண்ணுக்கு முன்னே மூக்கு அறிந்துகொள்கிறது. மூக்கு அறிந்ததை வாய் சொல்ல வேண்டும். அங்கேதான் மனிதர் பலரும் தவறிவிடுகிறோம். நாமும் ஒருமுறை அவ்வாறு தவறினோம். அத்தவற்றையும், அதையடுத்து நாம் கற்றுக்கொண்டதையும் வாசகக் குடும்பங்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

2022 ஆம் ஆண்டு. ஜெர்மனியின் தென்பகுதியான பவேரியா மாநிலத்தில் ஒரு சிற்றூர்ப் பங்கில் நாம் பணியாற்றி வந்தோம். நம் நாட்டுக் குருக்கள் பலர் அந்நாட்டுப் பங்குகளில் பணிபுரிவதை வாசகர் அறிவர். பயணிகளின் பாதுகாவலராகிய புனித கிறிஸ்தோபர் திருநாளையொட்டி, கோடை விடுமுறை தொடங்குமுன், வாகனங்களை மந்திரிப்பது அங்குள்ள வழக்கம். அவ்வாண்டு ஜூலை 24 ஆம் நாளாகிய அத்திருநாள் ஞாயிற்றுக்கிழமையிலேயே அமைந்தது. பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் டிராக்டர்களும் கார்களும் குழந்தைகளின் மிதிவண்டிகளும் வரிசையாக நின்றன. அவ்வரிசையின் கடைசியில், மேலே வெள்ளையும் கீழே ஆரஞ்சு நிறமுமாக ஒரு வீட்டு வண்டி நின்றது.

வீட்டு வண்டி என்று நாம் சொல்வது, உண்ணவும் உறங்கவும் வசதி அமைந்த வான் வண்டியை. ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தார் 1950 ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கிய வான் வண்டியின் இரண்டாம் தலைமுறை அது. 1967 முதல் 1979 வரை ஜெர்மனியில் அவ்வகை உருவாயிற்று. அவற்றுள் பலவற்றின் உள்ளே கட்டிலும் அடுப்பும் அலமாரியும் அமைத்து, கூரையையும் தூக்கி நிறுத்தும்படி செய்து, வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனத்தார் வீடாக மாற்றித் தந்தனர். நாம் கண்ட வண்டி 1974 ஆம் ஆண்டினது. முப்பதாண்டு கடந்தும் நன்னிலையில் பேணப்படும் வண்டிகளுக்கு அந்நாட்டில் அளிக்கப்படும் 'ஹெச்' என்ற எழுத்துப் பொறித்த எண் பலகை அதில் மின்னியது. அவ்வண்டியின் எஞ்சின் இருப்பது பின்புறத்தில். எஞ்சினுக்கு முன்னால் ஒரு தடுப்புத் தகடு. தகட்டுக்கு அப்பால் பெட்ரோல் தொட்டி. இவற்றுக்கு மேலே பிள்ளைகள் படுக்கும் மெத்தை.

ஒன்பது வயதுச் சிறுமியும் ஆறு வயதுச் சிறுவனும் எம் கையைப் பிடித்து இழுத்துச் சென்று, தங்கள் படுக்கைக்கும் தீர்த்தம் தெளிக்க வேண்டுமென்றனர். தெளித்தோம். வண்டியின் பின்புறம் வந்து குனிந்தபோது பெட்ரோல் வாசனை எம் மூக்கைத் தாக்கியது. எம் முகக்குறிப்பைக் கண்ட குடும்பத் தலைவர் சிரித்துக்கொண்டே, “ஹெர் ஃபார்ரர், வயதானவர்களுக்கு என்று ஒரு வாசனை உண்டு. இந்தக் கிழவனுக்கு இதுதான் வாசனை” என்றார். 'ஹெர் ஃபார்ரர்' என்பது பங்குத்தந்தையை அந்நாட்டார் அழைக்கும் மரியாதைச் சொல். நாமும் சிரித்தோம். சிரித்துவிட்டு அடுத்த வண்டிக்குச் சென்றோம்.

நாம் வாய் திறவாமைக்குக் காரணம் இருந்தது. அவ்வண்டி அவருடைய தந்தையின் வண்டி. அப்பெரியவரை ஈராண்டுகளுக்கு முன் நல்லடக்கம் செய்தவர் நாமே. வண்டியைக் குறைகூறினால் இறந்தவரைக் குறைகூறியது போலாகுமோ என்று அஞ்சினோம். வந்தேறியாகிய நாம் இவ்வூராருக்கு மோட்டார் வண்டியைப் பற்றிச் சொல்வதா என்ற கூச்சமும் உடன் சேர்ந்துகொண்டது.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. இளங்குருவாக நாம் கிளைப்பங்குகளுக்கு மோட்டார் சைக்கிளில் சென்றுவந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. ஒரு கோடையில் பெட்ரோல் குழாய் வெடித்துக் கசிந்தது. அதன்மேல் சோப்பைத் தேய்த்து அடைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினோம். அங்கியின் ஓரம் நனைந்திருந்ததைக் கண்ட உபதேசியார் வண்டியின் சாவியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். “சாமி, பத்து ரூபாய்க் குழாயை மாற்றாமல் இந்தச் சாவி கிடையாது. நீங்கள் என்னைக் கோபித்துக்கொண்டாலும் சரி” என்றார். அம்முதியவர் எம்மைவிடப் படிப்பில் குறைந்தவர். ஆயினும் கூச்சப்படாமல் வாய் திறந்தார். குருமடத்தில் பல்லாண்டு பயின்ற நாமோ அன்று முற்றத்தில் சிரித்துவிட்டு நகர்ந்தோம்.

திங்களன்று காலையிலேயே மிதிவண்டியை எடுத்துக்கொண்டு அவ்வில்லத்துக்குச் சென்றோம். பள்ளி விடுமுறை தொடங்கியதும், வரும் சனிக்கிழமை, அவர்கள் ஆல்ப்ஸ் மலையைப் பிரென்னர் கணவாய் வழியாகக் கடந்து இத்தாலியின் கார்டா ஏரிக்குச் செல்வதாக இருந்தனர். தந்தையார் ஆண்டுதோறும் அவரைச் சிறுவயதில் அழைத்துச் சென்ற இடமாம் அது. காப்பி அருந்தியபின் நாம் விஷயத்தைச் சொன்னோம். அவர் முகம் மாறிற்று.

“இந்தக் குழாய்களை என் தந்தையே தம் கையால் பொருத்தினார். அவர் வேலையில் குறை கண்டவர் இவ்வூரில் ஒருவரும் இல்லை. அவர் விட்டுச்சென்றபடியே இதை நான் வைத்திருக்கிறேன்” என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுதி. எமக்கு மறுமொழி தோன்றவில்லை. அப்போது அவர் மனைவி, கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, “பிள்ளைகள் படுப்பது அந்த எஞ்சினுக்கு மேலேதானே? ஒருமுறை பார்த்துவிட்டால் என்ன?” என்று மெல்லக் கேட்டார். சற்று நேரம் மௌனமாக இருந்த கணவர், எழுந்து சென்று அடுத்த தெருவில் வாழ்ந்த, எழுபதைக் கடந்த ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தார்.

வந்தவர் முதலில் எஞ்சினைத் தொடவில்லை. வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளச் செய்தார். சமையல் வாயு உருளையை மூடினார். வாயுச் சுடரால் இயங்கும் சிறு குளிர்ப்பெட்டி அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினார். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. அது மேலெழுந்து கலைவதில்லை. தரையோடு படிந்து, பள்ளம் கண்ட இடத்தில் தேங்கி நிற்கும். ஆதலால் மூடிய கொட்டகையிலும், வண்டிக்குக் கீழே தோண்டிய வேலைக் குழியின் மேலும் இப்பணியைச் செய்யலாகாது என்று விளக்கினார். கடுங்குளிரிலும் பெட்ரோல் ஆவியாகித் தீப்பற்றும். கோடையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

பிறகு பின்மூடியைத் திறந்து, நூலால் நெய்த உறை போர்த்திய குழாய் ஒன்றை இரு விரலால் வளைத்தார். காய்ந்த சுள்ளி முறிவது போன்ற ஓசை கேட்டது. விரல் நனைந்தது. “உறை அழகாக இருக்கிறது. உள்ளே ரப்பர் செத்துவிட்டது. வெளியே அழகாக இருப்பதால் ஒருவரும் பார்ப்பதில்லை” என்றார்.

அவர் காட்டிய குறைகள் நான்கு. முதலாவது, ரப்பரின் முதுமை. ஜெர்மனியில் 2011 ஆம் ஆண்டு முதல் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்படாத பழைய ரப்பர் அதனால் விரைவில் இறுகி வெடிக்கும். இரண்டாவது, தடுப்புத் தகட்டின் துளையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் விழுந்துவிட்டது; ஓடும்போதெல்லாம் தகட்டின் கூரிய விளிம்பு குழாயை அறுத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது, யாரோ ஒரு வழிப்பணிமனையார் மாட்டிய பிளாஸ்டிக் வடிகட்டி, தீப்பொறி பிறக்கும் டிஸ்டிரிபியூட்டருக்கு நேர்மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் எடையும் ஆட்டமும் சேர்ந்து, கார்புரேட்டரில் அழுத்திச் செருகப்பட்ட சிறு பித்தளைக் குழலைத் தளர்த்திவிட்டன. மெக்கானிக் அதைக் கையாலேயே திருகிக் காட்டினார். அது கழன்று விழுந்திருந்தால், ஓடும் எஞ்சினின்மேல் பம்பு பெட்ரோலைப் பீய்ச்சியிருக்கும். நான்காவது, பெட்ரோலால் எரியும் பழைய வெப்பமூட்டி ஒன்றைக் கழற்றியபின், அதற்குச் சென்ற கிளைக்குழாயின் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்திருந்தார்கள்.

அவ்வெஞ்சினைப் பற்றி இன்னொன்றும் அறிந்தோம். 1,600 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அந்தக் காற்றுக்குளிர்ப்பு எஞ்சினின் உடற்கூடு மக்னீசியக் கலவை உலோகத்தால் ஆனது. எடை குறைவு என்பதற்காக அவ்வுலோகத்தைத் தேர்ந்தனர். ஆனால் அது ஒருமுறை தீப்பற்றிவிட்டால் தண்ணீரால் தணியாது. தண்ணீர் பட்டால் மேலும் சீறி எரியும். பிரென்னர் கணவாய் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,370 மீட்டர் உயரமுள்ளது. அவ்வளவும் ஏறிய பிறகு வண்டியை நிறுத்தினால் குளிர்விக்கும் காற்றுவிசிறியும் நின்றுவிடும். சூடு மட்டும் எஞ்சின் அறைக்குள்ளேயே தேங்கும். களைத்த பிள்ளைகள் மேலே உறங்கும் நேரம் அதுவே. இதைக் கேட்டபோது அத்தாயார் நாற்காலியைப் பற்றிக்கொண்டதை நாம் கண்டோம்.

பணி மறுநாள் தொடங்கிற்று. எம் பங்கு விளக்குப் பிடிப்பதும், பிள்ளைகளை அருகே வராமல் காப்பதும், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு நிற்பதுமே. விளக்கும் மின்கலத்தால் எரியும் மூடிய விளக்கு, சுடாத வகை. தொட்டியிலிருந்த பெட்ரோலைத் தகுந்த கலன்களில் வடித்து மூடி, வீட்டுக்கு அப்பால் நிழலில் வைத்தனர். எஞ்சினை ஜாக்கியின்மேல் இறக்கினர். குழாய்க்காக எஞ்சினை இறக்க வேண்டுமா என்று நாம் வியந்தோம். தொட்டியின் அடியிலிருந்து புறப்படும் முதல் முழக்குழாயே எவரும் பாராத குழாய்; எஞ்சினை இறக்கித் தடுப்புத் தகட்டைக் கழற்றினால் அன்றி அதை ஒழுங்காக மாற்ற இயலாது. கைக்கு எட்டுவதை மட்டும் மாற்றிவிட்டு எட்டாததை விட்டுவிடுவதே பலரும் செய்யும் பிழை என்றார் மெக்கானிக்.

புதிய பாதை எளிமையானது. வடிகட்டியை எஞ்சின் அறையிலிருந்து அகற்றி, தகட்டுக்கு அப்பால், தொட்டிக்குக் கீழே, கியர்ப்பெட்டியின் அருகில் உலோக வடிகட்டியாக அமைத்தனர். தகட்டின் துளையில் ரப்பர் வளையம் இட்டு, அதனுள் எஃகுக் குழாயைச் செலுத்தினர். அக்குழாய், டிஸ்டிரிபியூட்டரையும் புகைபோக்கியையும் நெருங்காமல், அறையின் ஓரமாகவே சென்றது. உட்புறம் ரப்பர் பூசிய பிடிகளால் இடையிடையே நிறுத்தப்பட்டது. செம்புக் குழாய் வளைப்பதற்கு எளிதாயினும், அதிர்வினால் நாளடைவில் இறுகி வெடிக்கும் என்பதால் அதைத் தவிர்த்தனர். எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அசைவது. வண்டியின் உடலோ அதனோடு அசைவதில்லை. ஆகவே இவ்விரண்டுக்கும் இடையில் மட்டும், இழுபடாதபடி சற்றே தளர்வாக, குட்டையான ரப்பர் குழாய் அமைந்தது. எத்தனாலைத் தாங்கும் உள்பூச்சு உள்ள தரமான குழாய் அது. அதன் தரக்குறியீடு அதன்மேலேயே அச்சிடப்பட்டிருந்தது. எஃகுக் குழாயின் முனைகளைச் சற்றே புடைக்கச் செய்து, ரப்பர் நழுவாதபடி பார்த்துக்கொண்டனர். துளையிட்ட பட்டையுள்ள கிளிப்புகள் சிறு குழாயைக் கடித்து அறுக்கும் என்பதால், வழவழப்பான பட்டையுள்ள கிளிப்புகளையே பயன்படுத்தினர். கார்புரேட்டரைக் கழற்றிப் பிரித்து, பித்தளைக் குழல் இருந்த துளையில் மரை வெட்டி, திருகிப் பூட்டும் புதிய குழலை அமைத்தனர். கிளைக்குழாயை அடியோடு நீக்கினர். தொட்டியின் காற்றுப்போக்கிக் குழாய்களும், பெட்ரோல் ஊற்றும் வாயின் ரப்பரும் கூடப் புதியனவாயின.

கிளைக்குழாயை நீக்கியபோது குடும்பத் தலைவர் அந்தப் போல்ட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். “இதைச் செருகியவன் நான்தான்” என்றார். தந்தை பக்கவாதத்தால் படுத்தபின், பழுதான வெப்பமூட்டியைத் தாமே கழற்றினாராம். தற்காலிகமாக இருக்கட்டும் என்று வைத்த போல்ட் பல ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டது.

அன்று மாலை, வண்டியின் முன்பெட்டியில் கிடந்த ஒரு சிறு குறிப்பேட்டை அவர் மனைவி எடுத்துவந்தார். தந்தையாரின் கையெழுத்து. எண்ணெய் மாற்றியது, சக்கரம் மாற்றியது எல்லாம் நாள்வாரியாக இருந்தன. 1998 ஆம் ஆண்டின் பக்கத்தில், பெட்ரோல் குழாய்கள் முழுவதும் மாற்றப்பட்டன, ஐந்தாண்டில் மீண்டும் மாற்றுக என்றொரு வரி. 2003 இல் அதே வரி. 2008 இல் மீண்டும் அதே வரி. 2013 ஆம் ஆண்டின் பக்கம் வெறுமையாக இருந்தது. அதற்கு முந்திய ஆண்டுதான் அவர் நோயில் விழுந்தார்.

மகன் அக்குறிப்பேட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தந்தை பொருத்திய குழாயைத் தொடாமல் வைத்திருப்பதே தந்தைக்குச் செய்யும் மரியாதை என்று அவர் எண்ணியிருந்தார். தந்தையோ அக்குழாய்களைத் தம் கையாலேயே மும்முறை கழற்றி எறிந்தவர். “என் தந்தை இருந்திருந்தால் இதை எப்போதோ வெட்டிப் போட்டிருப்பார்” என்று சொல்லிச் சிரித்தார். கண்கள் கலங்கியிருந்தன. நாம் விளக்கைச் சற்று அப்பால் திருப்பிக்கொண்டோம்.

உதிரிப் பாகங்கள் சில வந்துசேரத் தாமதமாயின. சனிக்கிழமைப் பயணம் தள்ளிப்போயிற்று. சிறுவன் இரண்டு நாள் எம்மோடு பேசவில்லை; தன் விடுமுறையைக் கெடுத்தவர் நாமென்று அவன் தீர்மானித்திருந்தான். எஞ்சினை ஏற்றியபின் ஐந்து லிட்டர் பெட்ரோல் மட்டும் ஊற்றி, வண்டிக்கு அடியில் வெள்ளைத்தாள் விரித்து, ஓரிரவு அப்படியே விட்டனர். காலையில் தாள் உலர்ந்திருந்தது. பிறகு எஞ்சினைச் சூடேற ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த தாளால் துடைத்துப் பார்த்தனர். நூறு கிலோமீட்டர் ஓட்டிவந்து கிளிப்புகளை மறுபடி சோதித்தனர். புதிய குழாயில் ஆண்டைக் குறித்த சீட்டு ஒன்றைக் கட்டினர். குறிப்பேட்டில், 2013 இன் வெறும்பக்கத்தை அப்படியே விட்டு, அடுத்த பக்கத்தில் மகன் தம் கையால் எழுதினார்: 2022, குழாய்கள் முழுவதும் மாற்றப்பட்டன, 2027 இல் மீண்டும் மாற்றுக.

புறப்படும் நாளன்று மெக்கானிக் அவர்களுக்கு ஓர் அறிவுரை கூறினார். வழியில் பெட்ரோல் வாசனை வந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். பிள்ளைகளை முதலில் இறக்கித் தொலைவில் நிறுத்த வேண்டும். புகை கண்டால் பின்மூடியை அகலத் திறந்து காற்றை உள்ளே விடாமல், 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பொருளுக்காக ஒருவரும் உள்ளே திரும்பக்கூடாது. நாம் மறுபடி தீர்த்தம் தெளிக்கவில்லை. முன்பு தெளித்ததே போதும். அன்று செய்யத் தவறியதைத்தான் இடைப்பட்ட நாட்களில் செய்து முடித்தோம்.

ஆகஸ்டு நடுவில் கார்டா ஏரிக்கரையிலிருந்து அஞ்சலட்டை ஒன்று வந்தது. சிறுவனே எழுதியிருந்தான். வண்டியில் இப்போது காப்பி வாசனை மட்டுமே வருகிறதென்று அதில் கண்டிருந்தது. எம்மேல் இருந்த கோபம் தீர்ந்ததென அறிந்து மகிழ்ந்தோம்.

அதன்பின் வாகனங்களை மந்திரிக்கும்போது நாம் ஒரு வழக்கம் கொண்டோம். பழைய வண்டியாயின், செம்பை எடுக்குமுன் எஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்லி மோந்து பார்ப்போம். பங்கு மக்கள் முதலில் சிரித்தனர். பின்னர் அவர்களே முன்கூட்டித் திறந்து வைக்கலாயினர்.

இதை வாசிக்கும் உங்கள் இல்லத்தில் வீட்டு வண்டி இராது. ஆனால் அடுக்களையில் வாயு உருளையையும் அடுப்பையும் இணைக்கும் ரப்பர் குழாய் உண்டு. அதன்மேல் காலக்கெடு அச்சிடப்பட்டிருக்கும். அது சுவரோரமாக, எவரும் பாராத மூலையில் வளைந்து கிடக்கும். இன்று இவ்விதழை மூடிவைத்தபின், வாயுவை நிறுத்திவிட்டு, அதை ஒருமுறை இரு விரலால் வளைத்துப் பாருங்கள். அண்டை வீட்டில் வாசனை வந்தால், அவர்கள் மனம் நோகுமோ என்று எண்ணி ஓரிரவு காத்திராதீர்கள். நாம் காத்திருந்த அவ்விரவில் தீங்கொன்றும் நேரவில்லை. அது எம் சாமர்த்தியம் அன்று.